சொரியாசிஸ்: எதை, யாரிடம் கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 47. செந்தூலில் குடியிருக்கிறேன், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் வேலை. ஒன்பது ஆண்டுகளாகச் சொரியாசிஸ் என்ற தோல் நோய் இருக்கிறது. முழங்கை, முழங்கால், தலை என்று இருந்தது இப்போது புறங்கைக்கும் வந்துவிட்டது. அரசாங்க மருத்துவமனையில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை தவணை. சென்ற முறை டாக்டர், மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தொடங்கலாம், யோசித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி மலாயில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார். இணையத்தில் தேடினால் அது புற்றுநோய் மருந்து என்று போட்டிருக்கிறது. மைத்துனர் வாட்ஸ்அப்பில் நாளுக்கொரு வைத்தியம் அனுப்புகிறார். நாத்தனார் பட்டர்வொர்த்திலிருந்து வெட்பாலைத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய மூலிகைக் கேப்சூல் இரண்டே வாரத்தில் குணமாக்கியது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பிவிட்டது. மாணவரின் தாயார் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் முறையிட்டிருக்கிறார். மகளுக்கு வரன் பார்க்கிறோம், அவளுக்கும் வருமா? டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் கேட்க நினைத்தது எல்லாம் மறந்துபோகிறது, கேட்க வெட்கமாகவும் இருக்கிறது. நான் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், யார் சொல்வதை நம்ப வேண்டும்? வயதாகிறது போலும், இப்போதெல்லாம் காலையில் விரல்கள் மடங்கவே நேரம் பிடிக்கிறது. வலக்கை மோதிரமும் விரலில் இறங்கவில்லை. விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

– வாசகி, கோலாலம்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருப்பவை எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் என் மனம் முதலில் போனது, வயதின்மேல் பழியைப் போட்டுவிட்டு நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிகளுக்குத்தான். விரல் மடங்காததையும் மோதிரம் இறங்காததையும் தோல் நோயோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இந்த ஒன்பது ஆண்டுகளில் உங்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சொரியாசிஸ் உள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை, ஏதோ ஒரு காலகட்டத்தில், அதே நோயின் மூட்டுவாதத்துக்கும் ஆளாகிறார்கள். பெரும்பாலும் தோலில் தெரிந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகே அது மூட்டுக்கு வருவதால், இரண்டும் ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எழுந்தபின் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக வீங்கிக்கொள்வது, குதிகாலின் பின்புறத்தில் வலி, நகத்தின்மேல் குண்டூசியால் குத்தியது போன்ற சிறு பள்ளங்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். வேலை செய்து தேய்ந்த மூட்டு அசைத்தால் வலிக்கும், ஓய்வெடுத்தால் தணியும். இந்த மூட்டுவாதமோ ஓய்வில் இறுகி, அசைக்க அசைக்க இளகும். உங்களுக்கு இருப்பது இதுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மோதிரம் இறங்காமல் போக வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதற்காக நான்கு மாதத் தவணைவரை காத்திருக்க வேண்டாம். அரிக்கப்பட்ட மூட்டை எந்த மருந்தும் பழையபடி கட்டித் தராது என்பதால், இந்த வாரமே உங்கள் பகுதிச் சுகாதார கிளினிக்குக்குப் போய், சொரியாசிஸ் இருப்பதையும் விரல் விறைப்பதையும் ஒரே மூச்சில் சொல்லி, மூட்டுவாத நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். செலாயாங் மருத்துவமனையில் மூட்டுவாதப் பிரிவு இருக்கிறது. செந்தூலிலிருந்து அதிகத் தொலைவும் இல்லை.

இதை முதலில் எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துண்டறிக்கை, வாட்ஸ்அப், நாத்தனார், காணொளிகள் என்று உங்களுக்கு வந்து சேர்ந்த தகவலுக்குக் குறைவே இல்லை. விரலுக்கும் தோலுக்கும் உள்ள உறவு மட்டும் வந்து சேரவில்லை. அதை நீங்கள் கேட்டிருக்கவும் முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு கேள்வி இருப்பதே உங்களுக்குத் தெரியாது. நாள்பட்ட தோல் நோய் உள்ளவர்களை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்ததில் நான் கண்டது, அவர்களுக்குத் தகவல் கிடைக்காமல் இருப்பதைவிட, ஒருவரிடம் கேட்க வேண்டியதை வேறொருவரிடம் கேட்டுவிட்டு அலைவதுதான் அதிகம் என்பதே. நோய் என்பது என்ன, மருந்து எப்படி வேலை செய்கிறது என்பவை எல்லோருக்கும் பொது. அவற்றை நம்பகமான ஒரு துண்டறிக்கையே சொல்லிவிடும். அந்த மருந்து உங்களுக்கு ஏற்றதா என்பதை உங்கள் இரத்தப் பரிசோதனையைக் கையில் வைத்திருக்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். செதில் உதிரும் கையோடு எப்படிப் பரிமாறுவது, உறவினர் கல்யாணத்தில் எந்த நிறப் புடவை கட்டினால் தோளில் உதிர்ந்தது தெரியாது என்பதை டாக்டரும் அறியமாட்டார்; இன்னொரு சொரியாசிஸ்காரர்தான் அறிவார்.

முதலில் பொதுவானவை. சொரியாசிஸில், உடம்பின் எதிர்ப்பாற்றல் எதிரியே இல்லாத இடத்தில் போர் தொடுத்ததுபோல் தோலைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் முளைத்து முதிர்ந்து உதிர வேண்டிய மேல்தோல், அந்த அவசரத்தில் நான்கைந்து நாளில் மேலே வந்துவிடுகிறது. முதிராத அந்தத் தோல்தான் செதிலாகக் குவிகிறது. இதில் கிருமி இல்லை. தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஒரே துண்டில் துடைத்தாலோ பரவாது. அப்படியிருந்தும் நம்மவர்களிடையே இந்த அச்சம் போகாததற்கு அந்தப் பெயரும் ஒரு காரணமோ என்று நான் நினைப்பதுண்டு. சொரியாசிஸ் என்றதும் நம் காதில் விழுவது 'சொறி'. சொறி ஒட்டும் என்பது நாம் பிள்ளைப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்தது. கிரேக்கத்தில் 'சோரா' என்றால் அரிப்பு என்பதால் பெயர் அப்படி அமைந்ததே தவிர, நம் சொறிக்கும் இதற்கும் உறவில்லை. ஐரோப்பாவிலும் இதைத் தொழுநோயோடு போட்டுக் குழப்பி நோயாளிகளை நெடுங்காலம் ஒதுக்கி வைத்தார்கள். வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியது 1841-இல்தான்.

சிற்றுண்டிச்சாலை விவகாரத்தில் நீங்கள் வாதாட வேண்டியதில்லை. ஒரு தாள் போதும். உலக சுகாதாரப் பேரவை 2014 மே மாதம் நிறைவேற்றிய தீர்மானத்திலேயே சொரியாசிஸ் தொற்றா நோய் என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. உங்கள் டாக்டரிடம், இது 'பெஞாக்கிட் தீடாக் பெர்ஜாங்கிட்' என்று மலாயில் இரண்டே வரி எழுதி முத்திரையிட்டுத் தரும்படி கேளுங்கள். இப்படிக் கடிதம் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கேட்டால் நாங்கள் மறுப்பதும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி நீங்கள் பயிற்சியும் தடுப்பூசியும் பெற்றிருப்பீர்கள். அந்த விதிமுறைகள் கவலைப்படுவது உணவின் வழியே பரவும் நோய்களைப் பற்றி, சொரியாசிஸ் அந்தக் கணக்கில் வராது. ஆனால் அந்தத் தாயார் பக்கத்திலும் ஓர் உண்மை இருப்பதை மறைக்க மாட்டேன். வெடித்து இரத்தம் கசியும் தோலில் வெளியிலிருந்து கிருமி வந்து தங்க இடமுண்டு. செதில் உணவில் விழக் கூடாது. எனவே மெல்லிய பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை என்று அணிந்துகொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் திரவமும் ஓயாத ஈரமும் புறங்கைச் சொரியாசிஸைக் கிளறிவிடுபவை என்பதால், கழுவும் வேலையைச் சில காலம் வேறு யாரிடமாவது மாற்றிக்கொள்ள முடிந்தால் அது ஒரு ட்யூப் களிம்புக்குச் சமம். ஈரப்பசைக்காகத் தடவும் பாரஃபின் கலந்த களிம்புகள் ஊறிய துணி, தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். களிம்பு படிந்த மேலங்கியோடு அடுப்பின் அருகே நிற்காதீர்கள். அதைத் தனியாக வெந்நீரில் அடிக்கடி துவையுங்கள், துவைத்தாலும் எண்ணெய் முழுவதும் போய்விடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

களிம்பு என்றதும் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் பெரியவர் ஒருவருக்கு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்து, தடவும் முறையை விளக்கி, புரிந்ததா ஐயா என்று கேட்டேன். புரிந்தது டாக்டர் என்றார். மூன்று மாதம் கழித்து வந்தபோது படை அப்படியே இருந்தது. அவர் நீட்டிய ட்யூப்பும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஒட்டியிருந்த தாளில் 'சாப்பு நிப்பிஸ்' என்று அச்சிட்டிருந்தது. மெல்லியதாகத் தடவவும் என்று பொருள். பக்கவிளைவுக்குப் பயந்து அவர் அதை முடிந்தவரை மெல்லியதாக்கி, மூன்று நாளைக்கு ஒருமுறை பொட்டு வைப்பதுபோல் வைத்து வந்திருக்கிறார். மருந்து வேலை செய்யவில்லை என்று நான் இன்னும் கடுமையானதற்கு மாற்றப் போனேன். அன்றிலிருந்து புரிந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டேன். என் எதிரிலேயே ஒரு முறை தடவிக் காட்டச் சொல்கிறேன்.

நீங்களும் இப்போதே ஆள்காட்டி விரலை நீட்டிப் பாருங்கள். நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூப்பிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம். அந்த அளவு, விரல்களைச் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். உங்கள் படைகளை எல்லாம் சேர்த்தால் ஆறு உள்ளங்கை வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு ஒன்றரை கிராம் வேண்டும், நாளுக்கு ஒருமுறை என்றால் 15 கிராம் ட்யூப் பத்து நாளில் தீர்ந்துவிட வேண்டும். அது நான்கு மாதம் வருகிறது என்றால் நீங்கள் மருந்து போடவில்லை என்று பொருள். மூன்று நாளில் தீர்கிறது என்றால் அளவுக்கு மிஞ்சுகிறது என்று பொருள். எத்தனை நாள் போட்டு எத்தனை நாள் நிறுத்துவது, முகத்துக்கும் மடிப்புகளுக்கும் எதைப் போடக் கூடாது என்பவை ஒவ்வொரு களிம்புக்கும் மாறும். அவற்றை மருந்தகக் கவுன்ட்டரிலேயே கேட்டுவிடலாம். மருந்தாளரிடம் கேட்பதை நம்மவர்கள் ஏனோ ஒரு படி குறைவாக நினைக்கிறார்கள். மருந்தைப் பற்றிய கேள்விகளுக்கு அவரே முதல் ஆள்.

இணையத்தில் படங்களைப் பார்த்து உங்களுடையதோடு ஒப்பிடுகிறீர்களானால் ஓர் எச்சரிக்கை. அந்தப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. அதில் படை ரோஜா நிறமாகத் தெரியும். நம் தோலில் அது ஊதா கலந்த பழுப்பாகவோ சாம்பலாகவோதான் தெரியும். படை ஆறியபின் அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ பல மாதங்கள் கிடக்கும். அது தழும்பும் அன்று, நோயும் அன்று. விரலால் தடவிப் பாருங்கள்: மேடோ செதிலோ இல்லாமல் வழவழப்பாக இருந்தால் நோய் அங்கே அடங்கிவிட்டது, நிறம் மெல்லத் திரும்பும். இது தெரியாமல் அந்தக் கறுப்பைப் போக்க ஸ்டீராய்டைத் தொடர்ந்து தடவித் தோலை மெலிய வைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி மெத்தோட்ரெக்ஸேட். அது புற்றுநோய் மருந்து என்று நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அந்தத் தகவலில் அளவு விட்டுப்போய்விட்டது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, சொரியாசிஸுக்கு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சிறிய அளவு வேறு. தோல் மருத்துவத்தில் அது ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. மூட்டுவாதத்துக்கும் அதைக் கொடுப்பதுண்டு என்பதால் உங்கள் விரலைப் பற்றிய செய்தி டாக்டரின் முடிவையே மாற்றக்கூடும். அந்த மருந்தைப் பற்றி நீங்கள் ஒன்றே ஒன்றுதான் நினைவில் வைக்க முடியும் என்றால், வாரத்துக்கு ஒருமுறை என்பதை வையுங்கள். உறையில் 'மாக்கான் 4 பிஜி, செக்காலி செமிங்கு' என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். செமிங்கு என்றால் வாரம், செஹாரி என்றால் நாள். மற்ற எல்லா மாத்திரைகளின் உறையிலும் செஹாரி என்றே பார்த்துப் பழகிய கண், இதிலும் அதையே படித்துவிடும். வார மருந்தை அன்றாடம் விழுங்கியதால் எலும்பு மஜ்ஜை முடங்கி உயிரிழந்தவர்கள் உலகின் பல நாடுகளிலும் உண்டு. கூடவே தரும் ஃபோலிக் அமிலமும் மெத்தோட்ரெக்ஸேட்டும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாக இருப்பது வழக்கம். ஆகவே ஒரு கிழமையைத் தேர்ந்து, வெள்ளிக்கிழமை விளக்கேற்றியபின் என்பதுபோல் மறக்காத ஒரு வேளையோடு சேர்த்துக்கொண்டு, நாட்காட்டியில் அந்தக் கட்டத்தில் குறியுங்கள். ஃபோலிக் அமிலத்துக்கு டாக்டர் சொல்லும் நாளை வேறு மையால் குறியுங்கள்.

தொடங்குமுன் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், மஞ்சள்காமாலைக் கிருமிகள் ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்வார்கள். தொடங்கியபின் ஆரம்பத்தில் அடிக்கடியும் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் இரத்தம் எடுப்பார்கள். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மதுப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை என்றால் 47 வயதிலும் கருத்தடை பற்றிப் பேசியே ஆக வேண்டும். டாக்டர் கூச்சத்தால் கேட்காவிட்டாலும் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமலோடு மூச்சுத்திணறல், காரணமில்லாமல் தோலில் கன்றிப்போதல் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேறு எந்த கிளினிக்குக்குப் போனாலும் மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். கோ-டிரைமாக்சசோல் என்ற சாதாரண நுண்ணுயிர்க்கொல்லியே அதோடு சேர்ந்தால் ஆபத்தாகிவிடும். இவ்வளவையும் படித்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் உங்கள் உரிமை. அப்போது டாக்டரிடம், எனக்கு வேறு என்ன வழிகள் உண்டு என்று கேளுங்கள். புற ஊதா ஒளிச் சிகிச்சை உண்டு, ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்கு வர வேண்டும், உங்கள் வேலை நேரத்துக்கு அது ஒத்துவருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். உயிரியல் ஊசி மருந்துகள் நன்றாக வேலை செய்பவை, விலைதான் தடை.

கேப்சூல் கதையைப் படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. இரண்டே வாரத்தில் மாயமாக மறைந்து, நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்புவது, ஸ்டீராய்டு கலந்த மருந்தின் போக்கு. மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டை உட்கொண்டு திடீரென நிறுத்தினால், சாதாரணச் சொரியாசிஸ் உடம்பு முழுதும் சிவந்து சீழ்க்கொப்புளமாகும் கடுமையான வடிவத்துக்கு மாறிவிடும் அபாயம் உண்டு. உங்கள் கேப்சூலில் அதுதான் இருந்தது என்று பார்க்காமல் சொல்லிவிட முடியாது. ஆகவே டப்பா காலியானாலும் எறியாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பதிவு பெற்ற மருந்தின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அதன் இறுதியில் டி (T) என்ற எழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்து. அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். எண் வேறு ஒரு பொருளுடையதாக இருப்பதும் உண்டு. மருந்து விளம்பரங்களுக்கு கே.கே.எல்.ஐ.யூ. என்ற அனுமதி எண் வேண்டும். மைத்துனர் அனுப்பும் படங்களில் அதைத் தேடிப் பாருங்கள். அவர் மனம் புண்படாமல் மறுக்க அது ஒரு நல்ல சாக்கு.

வெட்பாலைத் தைலத்தின்மேல் எனக்குப் பகையில்லை. எரிச்சல் தராவிட்டால் வறண்ட செதிலை இளக்க எந்த எண்ணெயும் ஓரளவு உதவும். அதைத் தடவிக்கொள்வதற்காக மற்ற மருந்தை நிறுத்துவதுதான் தவறு. கத்தரிக்காய், கருவாடு, இறால் என்று ஒதுக்கிவைத்து நாவைத் தண்டிப்பதாலும் படை குறையாது. உடல் எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது, புகையையும் மதுவையும் விடுவது, தொண்டை வலியைக் கவனிக்காமல் விடாதது ஆகியவற்றுக்கு மட்டுமே தக்க ஆதாரம் இருக்கிறது. சொரியாசிஸோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை கூடி வருவதால் அவற்றுக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை தேவை. இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதன் பெயரைத் தோல் டாக்டரிடம் சொல்லுங்கள்; பீட்டா பிளாக்கர் வகை சிலருக்குச் சொரியாசிஸைக் கிளறும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

மகளைப் பற்றி: பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவு என்றே பொதுவாகச் சொல்கிறோம். அதாவது வராமலிருக்கவே வாய்ப்பு மிக அதிகம். வரன் வீட்டாரிடம் சொல்வதா என்பது மருத்துவக் கேள்வி அன்று. அதை உங்கள் மகளிடம் கேட்டு அவள் விருப்பப்படி செய்யுங்கள். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், மூடிய கைச்சட்டையோடு மணமேடையில் நிற்கும் தாயைவிட, ஒட்டாத நோய் என்று முன்கூட்டியே சாதாரணமாகச் சொல்லிவிட்ட தாய்க்கு மனச்சுமை குறைவு.

டாக்டர் முன்னால் மறந்துபோவதற்கு மருந்து, ஐந்து காசுப் பேனாவும் பழைய பள்ளி நோட்டும்தான். வீட்டில் இருக்கும்போது தோன்றும் கேள்வியை அப்போதே எழுதுங்கள். தவணைக்கு முந்தைய இரவு அவற்றில் மூன்றை மட்டும் தேர்ந்து முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, உட்கார்ந்தவுடன், எனக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன டாக்டர் என்று சொல்லிவிடுங்கள். எழுந்து போகும்போது கேட்பவருக்கு நாங்கள் கதவைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறோம். தொடக்கத்திலேயே சொல்பவருக்கு நேரத்தை ஒதுக்கிவிடுகிறோம். மலாயில் நோய்ச் சொற்கள் தடுமாற வைத்தால் மகளை அழைத்துச் செல்லலாம், அல்லது தமிழ் தெரிந்த தாதியரை அழைக்கச் சொல்லலாம். ஆனால் மகள் முன்னால் பேச முடியாத சில விஷயங்களும் இருக்குமே. பல தோல் மருத்துவப் பிரிவுகளில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தருவார்கள். உங்கள் தோல் நோய் கடந்த ஒரு வாரத்தில் வேலையை, உடையை, உறவை, தாம்பத்தியத்தை எவ்வளவு பாதித்தது என்று கேட்கும். மொத்தம் 30 மதிப்பெண். நம் பெண்கள் வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துவிடுகிறார்கள். பத்துக்கு மேல் போனால் பாதிப்பு மிக அதிகம் என்று கொண்டு சிகிச்சையையே அடுத்த படிக்கு உயர்த்துகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. வாயால் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் அந்தத் தாள். உள்ளதை உள்ளபடி குறியுங்கள்.

மலேசிய சொரியாசிஸ் சங்கம் என்று நோயாளிகளே கூடும் ஓர் அமைப்பு நம் நாட்டில் இருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 29 உலகச் சொரியாசிஸ் தினம். அந்த நாள்களை ஒட்டி மருத்துவமனைகளில் கூட்டங்கள் நடப்பதுண்டு. ஒரு முறை போய்ப் பாருங்கள். கையுறை எங்கே மலிவு, தலையில் தார் ஷாம்பு வாசனையை எப்படிச் சமாளிப்பது என்பவற்றை என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். அங்கேயும் யாராவது மருந்து விற்க வந்தால் மட்டும் எழுந்துவிடுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் முதல் கேள்வியாக விரலை எழுதுங்கள்: எந்த விரல், எந்த மாதத்திலிருந்து, காலையில் எத்தனை நிமிடம். கைப்பேசியில் விடிந்ததும் ஒரு படம், மதியம் ஒரு படம் எடுத்து வையுங்கள். நீங்கள் கிளினிக்கில் முறை வந்து உட்காரும் பத்து மணிக்கு விரல் இளகிப்போயிருக்கும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கழற்றி வைத்திருக்கும் அந்த மோதிரத்தையும் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். முன்பு எதுவரை இறங்கியது, இப்போது எங்கே தடுக்கிறது என்று டாக்டரிடம் போட்டுக் காட்டலாம்.